இந்தப் பையை அடுக்கியது யார்

பியர்சன் விமான நிலையம், ஏழாம் வரிசை.
விடிய நாலு மணியிலிருந்து
ஊரார் பைகளுக்குள் பார்ப்பது என் உத்தியோகம்.
திரையில் இரும்பு நீலம்;
துணி, சவர்க்காரம், ஊறுகாய் எல்லாம் செம்மஞ்சள்.
காலுறைக்குள் மோதிரம் சுருட்டிக்கொண்டு போகிற பெடியன்
எதற்காக வியர்க்கிறான் என்றும் தெரியும்.

விரல் நீளத்துக்கு ஒரு நீலம், உள்ளே சின்ன பற்றரி,
மேலே செம்மஞ்சளாய்க் கொஞ்சத் திரவம்:
நாளுக்கு இருபது முப்பது வரும்.
'கைப்பையில் கொண்டு போகலாம் ஐயா, பெரிய பெட்டியில் கூடாது'
சொல்லிவிட்டு அடுத்த தட்டை இழுப்பேன்.

புதன்கிழமை,
மகனின் குளிர்ச்சட்டையைக் கழுவப் போடப்
பொக்கற்றைத் துழாவினேன்.
பஸ் கார்ட், கசங்கிய கோப்பிக்கடைச் சீட்டு,
பிறகு அது.
மூடியில் மாம்பழப் படம்.
மாம்பழமே வாங்காத மாசி மாதத்தில்
அவன் அறை ஏன் அப்படி மணத்தது என்று
இரண்டு கிழமையாய் யோசிக்காமல் இருந்திருக்கிறேன்.

மோல்ட்டனில் மைனஸ் பதினெட்டு.
பஸ் தரிப்பில் நிற்கிற பிள்ளைகள் எல்லார் வாயிலும்
வெள்ளையாய்த்தான் வரும்.
எது மூச்சு, எது மற்றது,
எப்படிப் பிரிக்கிறது?

குகதாசன் குதித்தார்.
'போனைப் பறி. வைஃபையை நிப்பாட்டு.
அந்த ஜஸ்கரனோட சேர வேண்டாம் எண்டு சொல்லு.'
கராஜுக்குப் பின்னால் குப்பைத் தொட்டியோடு சாய்ந்து நின்று
பதினாறு வருசமாய் 'விட்டாச்சு' என்கிற சிகரெட்,
அது என் திரையில் என்ன நிறம்?
கேட்கவில்லை. வேறொரு நாளுக்கு வைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள், எயார்போர்ட் ரோட்டில்,
கார் ஓட்டிக்கொண்டே அவனுக்கு ஏசிப் பார்த்தேன்.
எங்கே தொடங்கினாலும் பேச்சு
'நாங்கள் இஞ்ச வந்து பட்ட பாடு' என்ற இடத்தில் போய் நின்றது.
அந்தத் தரிப்பில் அவன் இறங்குவதேயில்லை.

வேலையில் சொல்லித் தந்தது இவ்வளவுதான்:
குரலை உயர்த்தாதே.
பையை அவர் கண்முன்னால் திற.
கேட்டுவிட்டுத் தொடு.

சனி இரவு பத்தரைக்குச் சீரியல் தின்றுகொண்டிருந்தான்.
பால் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
'எறியேல்ல. கேக்காமல் உன்ர பொக்கற்றுக்குள்ள கை விட்டனான்.'
கரண்டி நின்றது.
பழக்க தோசத்தில் என் வாயில் வந்தது வேலைக் கேள்வி:
'இந்தப் பையை நீயே அடுக்கினனியோ, ஆரூரன்?
இல்லாட்டி ஆரும் தந்துவிட்டதோ?'

சிரித்துவிட்டான். எனக்கும் வந்தது.
அந்தச் சிரிப்பு முடியாமலே மற்றது வெளியே வந்தது.
ஒன்பதாம் வகுப்பு, பள்ளிக்கூடக் கழிவறை, சும்மா ஒரு இழுவை.
இப்போது கணித பாடம் முடிய முன்னமே கை தேடுகிறது.
தலையணைக்கடியில் இல்லாவிட்டால் நித்திரை இல்லை.
'நிப்பாட்டிப் பாத்தனான் அம்மா. மூண்டு தரம்.
நத்தாருக்கு நாலு நாள்.'

நாலு நாள்.
எனக்கு அந்த நாலு நாளும் நினைவிருக்கிறது.
'மூஞ்சியை ஏன் தூக்கி வைச்சிருக்கிறாய்' என்று
வந்த ஆட்களுக்கு முன்னால் கேட்டது நான்தான்.

'எறியட்டோ?'
'இண்டைக்கு வேண்டாம்.'
பொய் சொல்லவில்லை, அது போதும் என்றிருந்தது.
திங்கள் மூன்று பத்துக்கு டொக்டர்;
அவன் தனிய உள்ளே போவான், நான் வெளியே இருப்பேன்.
அதுவரைக்கும் இரவில் அது என்னிடம்.

விடிய மூன்றரைக்குச் சப்பாத்துக் கட்டும்போது
படியில் வந்து நின்றான். நித்திரை இல்லாத கண்.
கேட்பானோ என்று பார்த்தேன்.
செருப்போடு வெளியே வந்து
கார்க் கண்ணாடிப் பனியைச் சுரண்டித் தந்தான்,
கை நடுங்க நடுங்க,
குளிரோ என்னவோ.

ஏழு நிமிசம் பிந்தித்தான் போனேன்.
ஊழியர் வாசலில் பொக்கற்றைக் காலி செய்து தட்டில் வைத்தேன்.
மரிசெல் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
'உன்னுடையதா?'
'எங்கட' என்றேன், தமிழில்.
அவளுக்கு விளங்கவில்லை.
தட்டு நகர்ந்தது.